காலை மட்டுமே தெரிந்த வண்டி

நிலாவில் ஓடும் வண்டிக்கு வழி கற்றுக்கொடுப்பது என் வேலை. கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும். அந்த வேலையில் முக்கால்வாசி வெயிலில் கல் சுமப்பதுதான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

நிலாவில் தெருப்பலகை கிடையாது, போனைப் பார்த்து வழி தெரிந்துகொள்ளவும் முடியாது. வண்டி தன் கேமராவால் பார்த்துப் பார்த்து, தானே வரைபடம் போட்டுக்கொண்டு போகவேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்க வழுக்க அந்தப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டே வரும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது, 'அட, இது முன்னே பார்த்த கல்லாச்சே' என்று அதற்குத் தெரியவேண்டும். தெரிந்தால் கோணல் முழுவதையும் அதுவே நிமிர்த்திக்கொள்ளும். தெரியாவிட்டால் தொலைந்தது. அந்த ஒரு 'அட'வுக்காகத்தான் மூன்று வருடம் நாய் படாத பாடு பட்டேன்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. சோதனைக்கு இடம் தேடியபோது தென்னேரியைச் சொன்னது நான்தான். எங்கள் வீடு ஐயம்பேட்டை. கோடையில் ஏரியின் ஒரு பக்கம் வற்றி வெடித்துக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். பஞ்சாயத்தில் கேட்டு, நிலாத் தரை மாதிரி பள்ளம் தோண்டி, மேடு கட்டி, கற்களைக் கொண்டுவந்து போட்டேன். ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, போர் போடப் போறியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

வண்டியைக் கொண்டுபோவது அப்பா. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். விடியும்போதே அதைப் பின்சீட்டில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, ஏரிக்குள் இறக்குவார். நான் ஓட்டி முடிக்கும்வரை ஆட்டோவிலேயே தூங்குவார். எட்டரை ஆனால் எழுந்து ஹாரன் அடிப்பார். "ஆபீஸ் சவாரி போயிடும்மா, மூட்டை கட்டு." நானும் கட்டிவிடுவேன். மூன்று கோடையும் இப்படித்தான். வண்டி பார்த்துப் பழக எடுத்த படங்கள் அத்தனையும் விடிந்ததிலிருந்து எட்டரைக்குள் எடுத்தவை. முடிவுகள் அழகாக வந்துகொண்டிருந்தன. அழகாக வருவதை யார் நோண்டிப் பார்க்கிறார்கள்?

இந்தக் கோடைக் கடைசியில், நிலாவுக்கு வண்டி அனுப்புகிறவர்கள் மூன்று பேர் கொண்ட குழுவாக நேரில் பார்க்க வருவதாக முடிவாயிற்று. வண்டி சரியாகத் திரும்பி வந்தால் நான் செய்த இந்த வழி கண்டுபிடிக்கும் முறை நிஜ நிலாப் பயணத்துக்குப் போகும், என் வேலையும் நீளும். வராவிட்டால் போட்டியில் இருந்த இன்னோர் ஆய்வுக்கூடத்தின் முறையை எடுத்துக்கொள்வார்கள், எனக்கு இரண்டும் போச்சு. இதை அப்பாவிடம் சொன்னதுதான் நான் செய்த வினை. ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அவர், "நம்ம பொண்ணு செஞ்சது நிலாவுக்குப் போவுதுபா" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

சோதனை காலை ஏழு மணிக்கு. குழு முந்தின நாளே காஞ்சிபுரத்தில் வந்து தங்கியிருந்தது. விடிகாலையில் தலைவர் போன் செய்து, முதலில் சாமி கும்பிட்டுவிடலாமே என்றார். கோயில் ஊருக்கு வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? போனோம். வெளியே வந்ததும் குழுவில் இருந்த அம்மையார் என்னை ஓரமாக அழைத்து, மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் வாயைக் கொடுத்தேன். "நல்ல கடை எனக்குத் தெரியும் மேடம், அரை மணி நேரம்தான்."

இந்த ஊர்க்காரியைத் தவிர வேறு யாரும் இப்படித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வந்த விருந்தாளியைப் பட்டுக்கடைக்குக் கூட்டிப்போகாமல் அனுப்புவது எங்களுக்கு மானப் பிரச்சினை. காஞ்சிபுரத்தில் அரை மணி நேரத்தில் புடவை எடுத்தவர் எவரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே கூட்டிப்போனேன். கடைக்காரர் முந்தியை விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கரையில் அரக்கா, பச்சையா என்று தலைவர்கூட அபிப்பிராயம் சொன்னார். பிறகு சாப்பாடு. ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை.

அப்பா விடியலிலிருந்து அங்கேயே இருந்தார். அன்றைக்குச் சவாரியே எடுக்கவில்லை. வண்டியின்மேல் வெயில் படாமல் ஈரத்துண்டு போட்டு, தான் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

வண்டியை விட்டேன். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு கல்லின் நிழலைப் பள்ளம் என்று நினைத்து ஒதுங்கியது. இன்னொன்றுக்கும் ஒதுங்கியது. காலையில் நிழல் மேற்கே விழும். அப்படி விழுந்தால்தான் அதற்குக் கல் கல்லாகத் தெரியும். இப்போது அத்தனை நிழலும் கிழக்கே நீண்டு கிடந்தன. சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அடையாளம் தெரியவில்லை. கணினியில் அந்த இடத்து மேடு ஒன்றே இரண்டு மேடாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரையப்பட்டிருந்தது.

அம்மையாருக்கு முகம் சுண்டிவிட்டது. "நாங்க லேட் பண்ணதாலதானே? நாளைக்குக் காலையில ஒரு தடவை ஓட்டிடலாம். ரிப்போர்ட்ல வெளிச்சம் சரியில்லைன்னு எழுதிக்கலாம்" என்றார். தலைவரும் தலையாட்டினார். சரி என்ற ஒரு சொல் போதும். தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை விழுங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நாளைக்குக் காலையில நல்லா ஓடும் மேடம். சாயங்காலம் எந்த நாளும் ஓடாது. இதுக்குக் காலை மட்டும்தான் தெரியும். நிலாவுல வெயில் திசை மாறினதும் தொலைஞ்சுடும்."

"அப்படின்னா அந்த இன்னொரு ஆய்வுக்கூடத்தோட முறையத்தான் எடுத்துக்கணும்" என்றார் தலைவர். கோபமாக இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்று கையும் கொடுத்தார். காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அப்பா வண்டியைத் தூக்கிவைத்துக் கயிறு கட்டினார். பாதி வழி வந்த பிறகுதான் கேட்டார்.

"தெனம் காலையில நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துது. இன்னாம்மா ஆச்சு?"

"காலையில மட்டும்தாம்பா ஓடும். சாயங்காலப் படம் ஒண்ணுகூட நான் எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

நான் பின்னால் திரும்பிக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். ஆட்டோவின் வேகம் குறைந்தது.

"என் சவாரிக்கோசரமா?"

"இல்லப்பா."

"நாலு மணிக்கு மேல ஸ்டாண்டுல சும்மாதானேம்மா உக்காந்துக்கினு இருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டனா?"

வந்திருப்பார். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்கால வெயிலில் இன்னொரு முறை கல்லோடு மாரடிக்க எனக்கு அலுப்பு, அவ்வளவுதான். அவருடைய சவாரி எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்திருந்தது. இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உடம்பெல்லாம் வலித்தது, பேசப் பிடிக்கவில்லை.

ஐயம்பேட்டை நிறுத்தத்தில் தினமும் ஏறுகிற ஒருவர் கைகாட்டினார். பின்சீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இன்னாண்ணா, பொண்ணுது பாஸாயிடுச்சா? நிலாவுக்குப் போவுதா?"

அப்பா ஆட்டோவை நிறுத்தினார்.

"இல்லபா, போவல. பொண்ணு நல்லாத்தான் செஞ்சிருக்குது. என்னாலதான் கெட்டுது. என் சவாரியப் பாத்துக்கினு அவசரப்படுத்திட்டேன்."

குழுவிடம் அவ்வளவு நியாயம் பேசிய நான், பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.