பித்தளைக் குமிழ் வேணும்னு சொன்னது நான்

சகலைக்கு வலது கையில மூணு வெரல் இல்ல. தேயில பெக்டரியில கொழுந்து அரைக்கிற ரோலர் எடுத்துக்கிச்சு. மிச்சம் கட்ட வெரலும் சுண்டு வெரலும்தான். இத மொதல்லயே சொல்லிர்றேன். நான் தெரியாமச் செஞ்சேன்னு யாரும் எனக்காகப் பரிஞ்சு பேச வேணாம்.

அவன் என் பொண்டாட்டியோட தங்கச்சி புருசன். என்னய அண்ணேன்னுதான் கூப்பிடுவான். வெரல் போனதும் வேலையிலேருந்து நிப்பாட்டிட்டாங்க. அவன் பொண்டாட்டி கொழுந்தெடுத்துதான் வீட்டுல அடுப்பெரியும். நான் மலைக்கு மருந்தடிக்கிறவன். மருந்து டாங்கியத் தூக்கித் தூக்கி முதுகு செத்துப்போச்சு.

தலவாக்கலைக்கு மேல ஒரு பழைய தொரை பங்களாவ ஓட்டலாக்கியிருந்தாங்க. வர்ற வெள்ளைக்காரங்க பாக்குறதுக்கு, கொட்டகலை ஸ்டேசன மேசை மேல சின்னதாச் செஞ்சு பொம்ம ரயிலு ஓட விடணும்னு மொதலாளிக்கு ஆச. மர வேல தெரியும்னு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. வேல முடிஞ்சதும் ரயிலு ஓட்டுறதுக்கு ஒருத்தர நிரந்தரமா வச்சுக்குவேன்னாரு. மழை இல்ல, அட்டை இல்ல, முதுகுல பாரம் இல்ல. அந்த வேல எனக்குத்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ரயில ஒரு லைன்லேருந்து இன்னொரு லைனுக்குத் திருப்பி விடுற எடத்துக்கு பொயின்ட்னு பேரு. அதுக்கு மோட்டார் வேணாம், பழுதானா சாமான் கெடைக்காது, கையால மாத்துற மாதிரியே செய்ங்கன்னுட்டாரு மொதலாளி. சகலை ரெண்டு நீளக் கம்பு செதுக்கி மேசை ஓரத்துல நட்டான். முழங்கையால தள்ளினாலே போதும், பொயின்ட் மாறிரும். நெசமான ஸ்டேசன்ல இருக்க மாதிரியே இருந்துச்சு. பாத்ததும் எனக்கு வயிறெரிஞ்சது.

"மொதலாளி, இது பாக்க அசிங்கமா இருக்கு"ன்னேன். அலுமாரி லாச்சியப் புடிச்சு இழுக்கறதுக்கு இருக்குமே பித்தளைக் குமிழ், அதுல ரெண்டு வாங்கி, சைக்கிள் கம்பியில முடுக்கி, மேசைக்கு வெளிய நீட்டி வச்சேன். குமிழ வெரலால இறுக்கிப் புடிச்சு இழுக்கணும். இடது கைய எடுக்க முடியாது, அது ரயிலோட வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற பெட்டியில இருக்கும். போதாததுக்கு, குமிழத் திரும்ப உள்ள இழுக்குற ஸ்பிரிங்கயும் இறுக்கமா முறுக்கி விட்டேன். பளபளன்னு இருக்குன்னு மொதலாளிக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு.

"நல்லாருக்குங்கண்ணே"ன்னான் சகலை. குமிழப் பாக்கல, என் மூஞ்சியப் பாத்துச் சொன்னான்.

எங்க ரெண்டு பேரையும் ஓட்டிக் காட்டச் சொன்ன நாள் ஓட்டல்ல கூட்டம். நான் தப்பில்லாம ஓட்டி முடிச்சேன். அடுத்து அவன். கட்ட வெரலும் சுண்டு வெரலும் குமிழ்ல வழுக்குச்சு. மறுபடி வழுக்குச்சு. ரயிலு பொயின்ட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு. விழட்டும், விழுந்து நொறுங்கட்டும்னு நின்னேன். நெசமாவே அப்புடித்தான் நெனச்சேன்.

அவன் குனிஞ்சான். குமிழப் பல்லால கடிச்சு இழுத்தான்.

ரயிலு ஆடாம அசையாம அடுத்த லைனுக்குப் போயிருச்சு. வெள்ளைக்காரங்க கை தட்டினாங்க. இன்னொரு தரம் செய்யச் சொன்னாங்க, செஞ்சான். எல்லாரும் போனத் தூக்கிப் படம் புடிச்சாங்க. மொதலாளி கண்ணுல தண்ணி வரச் சிரிச்சிட்டு, இவனே போதும்னாரு.

நான் டாங்கியத் தூக்கிக்கிட்டு மலைக்கே போனேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழம அவனப் பாக்க ஓட்டலுக்குப் போனேன். ஒதடு வெடிச்சிருந்துச்சு. முன்பல்லு ஒன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு, பேசறப்ப நாக்கால அத அணைச்சுப் புடிச்சுக்கிட்டான். எனக்கு நெஞ்சே ஆறல. நான் மனுசனான்னு என்னயவே காறித் துப்பணும்போல இருந்துச்சு.

ஓரமாக் கூட்டிட்டுப் போயி, "ஸ்பிரிங்கத் தளத்தி விட்டுர்றேன்டா. இல்லாட்டி நீ செஞ்ச கம்பயே திரும்ப மாட்டிருவோம். அர மணி நேர வேலதான்"னேன். அந்த ஒரு தடவதான் எனக்கு அந்த வேல மேல ஆசையே இல்ல.

அவன் என் ரெண்டு கையையும் பாத்தான்.

"மறுபடியுமாங்கண்ணே?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டான்.