பென்சில் தடை

பழைய ஐரோப்பிய இசை வாசிக்கும் எங்கள் குழுவில் நான்கு பேர். வயலின் வாசிக்கும் அண்ணா பிறம்ரனிலிருந்து வருவார்; தலைவரும் அவரே. பாடுபவள் யூனியன்வில்லில் இருக்கும் என் சிநேகிதி. லூட் என்ற பழைய நரம்புக் கருவியை வாசிப்பவர் அதிகம் பேசமாட்டார். நான் வாசிப்பது பியானோவுக்கு முந்திய ஹார்ப்சிகார்ட். ஸ்காபரோவில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு நான் ஓர்கன் வாசிப்பதால், தேவாலயத்தின் பேஸ்மென்ட் ஒத்திகைக்குக் கிடைத்தது.

அண்ணா இத்தாலியில் இரண்டு வாரக் கோடைப் பயிற்சிக்குப் போனவர். வரும்போது பதினேழாம் நூற்றாண்டை முழுதாகக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

அந்தக் காலத்துப் பாட்டுகளில் சுரங்கள் வெறுமையாக எழுதப்பட்டிருக்கும். வரி முடியும் இடங்களில் அலங்காரத்தைப் பாடுபவரும் வாசிப்பவரும்தான் சேர்க்க வேண்டும். மூன்று சரணங்கள் கொண்ட ஒரு பாட்டை நான் குழுவுக்காக அமைத்தேன். முதல் சரணம் வெறுமையாக, இரண்டாவதில் பெரும்பாலும் வயலின், மூன்றாவதில் குரல். எந்த வரியில் யார் என்று அரைப்பக்க அட்டவணையும் போட்டேன். நான் படித்தது மின்பொறியியல். அட்டவணை இல்லாமல் எனக்குத் தேநீர்கூட ஊற்ற வராது.

"உந்த லிஸ்ட்டைத் தூக்கி எறி," என்றார் அண்ணா. "ஓர்னமென்ட் அந்த மொமென்ட்டிலை பிறக்கோணும். எழுதி வச்சால் செத்துப்போகும். இனி ஒருத்தரும் ரிஹேர்சலுக்குப் பென்சில் கொண்டரக்கூடாது."

பிறந்தன. அலங்காரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் பிறந்தன. பல வரிகளின் முடிவில் மூவரும் சேர்ந்து ஒரே சுரத்தை நடுக்கினார்கள்.

"வாவ், என்ன எனர்ஜி!" என்றார் அண்ணா.

"எனர்ஜியோ? உது ஃபயர் அலாமடி," என்றாள் சிநேகிதி என் காதுக்குள்.

மூன்றாவது ஒத்திகையில் குற்றம் என்மேல் வந்தது. "அரேஞ்ச்மென்ட்தான் பிழை. அடுத்த கிழமையும் இப்பிடியெண்டால் இந்தப் பாட்டைக் கொன்சேர்ட்டிலை இருந்து எடுப்பம்."

நான் அமைத்த முதல் பாட்டு அது. மேடையில் அதைக் கேட்க மிகவும் விரும்பினேன்.

அண்ணா காரை நகர்த்தி நிறுத்த வெளியே போனார். மேசை நுனியில் அவர் வைத்துவிட்டுப் போன கோப்பு கீழே விழுந்தது. எடுத்தேன். வயலின் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் இருந்தது. அந்தக் கணத்தில் பிறக்கும் அவருடைய அலங்காரங்கள் அத்தனையும், சுரம் சுரமாக, விரல் எண்களோடு, பென்சிலால். இரண்டாம் சரணத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: இங்கே யோசிப்பதுபோல நிற்கவும்.

கோபம் வரவில்லை. கோபப்பட ஒருவர்மீது கொஞ்சமாவது மதிப்பு இருக்க வேண்டும்.

தொலைபேசியில் படம் எடுத்துவிட்டுக் கோப்பை அதே இடத்தில் வைத்தேன். வீட்டில் அவருடைய இடங்களை அட்டவணையாக்கி மற்ற இருவருக்கும் அனுப்பினேன். இந்த இடங்களில் அவர் அலங்கரிப்பார், நாங்கள் வெறும் சுரம். மிச்ச இடங்கள் உங்களுடையவை.

சிநேகிதி உடனே பதில் போட்டாள்: "ஐயோ, பென்சிலாலையோ?"

அடுத்த ஒத்திகையில் பாட்டு தெளிந்தது, நிகழ்ச்சியிலும் இடம்பிடித்தது. மேடையில், இரண்டாம் சரணத்தில், அண்ணா கண்களை மூடி யோசிப்பதுபோல நின்றார். நன்றாகவே நின்றார். முன்வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் என் ஹார்ப்சிகார்டில் முழங்கையை ஊன்றினார். "பாத்தியா? லிஸ்ட்டை எறிஞ்சபடியாத்தான் உன்ரை பாட்டு தப்பினது. அடுத்த கொன்சேர்ட்டிலையும் வைப்பம்."

"ஓம் அண்ணா," என்றேன்.

சிநேகிதிக்குத் திடீரென்று இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.