நான் மொழிபெயர்க்காத பதில்

மஞ்சள் ஒட்டுக் கடதாசிக் கட்டோடு கரும்பலகையின் முன் நின்ற அந்த மாணவியின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலிருந்து தொண்டராக வந்தவள், இருபது வயதிருக்கும். கொட்டாஞ்சேனையில் நான் ஆங்கிலம் கற்பித்த பெண்கள் பாடசாலையில், ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு வாரம் சமூகத் தொழில்முனைவு சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். தமிழ் தெரியாது. பாடசாலை அதிபர் என்னை மொழிபெயர்ப்புக்கு விட்டார். ஊரில் இருக்கிற ஒரு குறையைத் தீர்த்துவைக்கிற வியாபாரம் என்று நான் விளக்கியதும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது.

முதல் நாள், வீட்டைச் சுற்றியுள்ள ஒரு பிரச்சினையைச் சொல்லச் சொன்னாள். அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் கான், நுளம்புக் கடி, பாடசாலை விடுகிற நேரத்தில் நிறுத்தாமல் போகும் பஸ் என்று ஒவ்வொன்றும் கடதாசியில் ஏறிப் பலகைக்குப் போனது. பிறகு ஜன்னலோரம் இருந்த ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள்.

"எங்க வீட்டுல பேச ஆளே இல்ல மிஸ். அம்மா குவைத்ல. அப்பா ஹாபர்ல வேல முடிஞ்சு வந்ததும் படுத்துருவார்."

இவள் வீட்டருகே விளையாட இடமில்லையாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இது வியாபாரத்துக்குள் அடங்காத விஷயம், பிள்ளைக்கும் வெட்கம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை வேறு. கணவர் இறந்து, மகனும் மெல்பேர்ண் போன பிறகு வெள்ளவத்தை வீட்டில் நானும் தனிதான். அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை.

ஆறு வாரமும் அந்தப் பிள்ளை இன்னும் நான்கு பேரோடு சேர்ந்து அட்டையில் ஊஞ்சலும் சறுக்கும் வெட்டினாள். பழைய டயர்களால் விளையாட்டிடம் அமைத்துக்கொடுப்பது அவர்களின் தொழில். கடைசி நாள் கண்காட்சியில் பாடமாக்கிய ஆங்கிலத்தில் பெற்றோருக்கு விளக்கினாள். தொண்டர் பெண் பெருமையோடு படமெடுத்தாள்.

அன்று பின்னேரம் ஆசிரியர் அறையில் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "அதைத் தீர்க்க எனக்கும் வழி தெரிந்திருக்காது. ஆனால் நானும் அப்படித்தான் என்று சொல்லியிருப்பேன்" என்றாள். வாடகை அறையில் ஆறு வாரமும் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். அறை எங்கே என்று அப்போதுதான் கேட்டேன். வெள்ளவத்தையில், என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. உடனே அவள் பிள்ளையைத் தேடி வகுப்புக்கு ஓடினாள், எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மறுநாள் அவளுக்கு விமானம்.

திங்கட்கிழமை பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"அண்டைக்கு நீ சொன்னதை நான் மாத்திச் சொல்லிப்போட்டன், பிள்ளை."

"தெரியும் மிஸ். பிளேகிரவுண்ட்னு சொன்னது வெளங்கிச்சு."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லக்கூடாத விசயம்போலன்னு நெனச்சேன் மிஸ்."

மறுநாளிலிருந்து இடைவேளையில் என்னோடு சாப்பிடக் கூப்பிட்டேன். மரியாதைக்கு வந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே நின்றாள். "மிஸ், எங்க பிளேகிரவுண்ட் குரூப் பிள்ளைங்க கூப்பிடுறாங்க. இனி அவங்களோட சாப்பிடட்டுமா?"

"ஓம், போ" என்றேன். நடைபாதையில் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. சிரிப்பும் கேட்டது. நான் என் பெட்டியைத் திறந்தேன்.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நடக்கையில், வெளிநாட்டுப் பிள்ளை யாராவது தனியே நிற்கக் கண்டால், வீட்டுக்குத் தேத்தண்ணீர் குடிக்க வருகிறீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் சிரித்து, நன்றி சொல்லி, போய்விடுகிறார்கள்.