சிவரஞ்சனியின் தழும்பு

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை பார்க்கிறாள் சிவரஞ்சனி. வயது இருபத்தெட்டு. ராஜபாளையத்தில் வாடகை வீடு, மில்லுக்குப் போகும் கணவன், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருடமாக அவளுக்குள் ஓர் ஆசை கிடந்தது. ராஜரத்தினம் டாக்டர் ஒரே ஒரு தடவை தன்னைப் பார்த்து, 'அட, நீயா!' என்று சொல்ல வேண்டும்.

எட்டு வயதில் அவளுக்குக் குடல்வால் வெடித்தது. வயிற்று வலியை உடம்புச் சூடு என்று நினைத்து, அம்மா இருளம்மாள் மூன்று நாளாக வெந்தயமும் மோரும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் ராஜரத்தினம்தான். வயிறு முழுக்கச் சீழ். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள்.

அந்த மூன்று வாரமும் டாக்டர் காலையில் வந்து அவள் கட்டிலில் உட்காருவார். அப்பா முகமே அறியாத பிள்ளை அவள். வார்டில் இருந்த மற்ற பிள்ளைகளை அதட்டிக்கொண்டே இருப்பாள்; அதனால் டாக்டர் அவளுக்கு வைத்த பேர் தாசில்தாரம்மா. "என்ன தாசில்தாரம்மா, ராத்திரி தூங்குனீயளா?" என்று கேட்டுக்கொண்டே வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். கை குளிர்ந்திருந்தால் முதலில் தன் சட்டையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

தையல் பிரித்த பிறகு அவரைப் பார்க்கப் போகக் காரணம் எதுவும் இல்லாமல் போனது. பிளஸ் டூ முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது. பஸ்ஸில் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்புவாள். பிள்ளைகளுக்கான டாக்டரிடம் வளர்ந்தவள் என்ன சொல்லிப் போவது? மகனுக்கோ ஒரு நோவும் வரவில்லை. சின்னதாக ஏதாவது வந்தால் கூட்டிப் போகலாமே என்று ஒருநாள் நினைத்துவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. டாக்டர் தொழிலை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் மகனோடு இருக்கப் போகிறார். அவரிடம் பிழைத்த பிள்ளைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் கூடுகிறார்கள். இருளம்மாளுக்கு முட்டி வலி. "நீ போயிட்டு வா. அவிய உன்னையக் கண்டுக்கிடுதாவளான்னு பாரு" என்று சொல்லி அனுப்பினாள்.

கோயில் பக்கம் பால்கோவா வாங்கிக்கொண்டு சிவரஞ்சனி மண்டபத்துக்குள் நுழைந்தால், மேசை கொள்ளாமல் பால்கோவா டப்பாக்கள்.

"டாக்டருக்குச் சுகர். ஆளாளுக்குப் பால்கோவா கொண்டாந்தா அவிய என்ன கடையா போடப் போறாவ?" என்று சலித்துக்கொண்டார், அந்தக் காலத்திலிருந்தே அவரோடு இருக்கும் நர்ஸ் பிரிஸ்கில்லா.

ஆண்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. லோடு வேன் ஓட்டும் விஜயபாண்டி முன்னால் போய்ச் சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினான். டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குனிந்து, தழும்பின் மேல் விரலை ஓட்டினார்.

"கிட்னியில அடைப்பு. தொண்ணூத்தொம்பது. ஊசியப் பாத்ததும் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவன் நீதான?"

"இப்பவும் ஊசின்னா பயந்தான் டாக்டர்!"

"ஏலே, போதும், சட்டைய எறக்கு. தையலவிட தொப்பைதான் பெருசாத் தெரியுது" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"மொகம் மாறிப்போவுது. நான் போட்ட தையல் மாற மாட்டேங்கு" என்று டாக்டரும் சிரித்தார்.

சிவரஞ்சனியின் தழும்பு அடிவயிற்றில், சேலைக்குள் இருந்தது. பெண்கள் வரிசையில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றவள், "என்னைய தாசில்தாரம்மான்னுதான் கூப்பிடுவாவ" என்று பெருமையாகச் சொன்னாள். "என்னையுந்தான்" என்றாள் அவளுக்கும் முன்னால் நின்றவள். சிவரஞ்சனி முந்தானையைத் திருகுவதை நிறுத்தினாள்.

அவள் முறை வந்தது. கிட்டத்தில் டாக்டர் மிகவும் மெலிந்து போயிருந்தார்.

"யாரும்மா?"

"சிவரஞ்சனி, டாக்டர். ராஜபாளையம். ரெண்டாயிரத்து நாலுல குடல்வால் வெடிச்சு வந்தேன்."

அவர் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. பிரிஸ்கில்லா அவள் காதோரம் குனிந்தார். "உள்ள ரூம் இருக்கு, நானும் கூட வாரேன். வந்து காட்டு. பாத்தா ஒடனே சொல்லிருவாவ."

சிவரஞ்சனி அந்த ரூம் கதவைப் பார்த்தாள். உள்ளே போனால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் தெரியப்போவது அவர் போட்ட தையல். அவள் இத்தனை வருடம் ஏங்கியது அதற்கில்லை.

"வேண்டாம் சிஸ்டர்" என்றவள் டாக்டரைப் பார்த்தாள். "என்னைய ஞாபகம் இருக்கா டாக்டர்?"

"பொய் சொல்லவா, நெசம் சொல்லவா?"

"நெசமே சொல்லுங்க."

"இல்லையே தாயி." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது. "நல்லாயி வீட்டுக்குப் போன பிள்ளைக மொகம் எனக்கு நிக்க மாட்டேங்கு. போகாத பிள்ளைகதான் நிக்குது. தேவதானத்துப் பய ஒருத்தன், கருத்தையான்னு பேரு. அஞ்சு வயசு. பச்சை டவுசர்..." மேலே சொல்லாமல் நிறுத்தினார். "உனக்கு எத்தன பிள்ள?"

"ஒரு பையன் டாக்டர்."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

பின்னால் இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவர் கையை விட்டார். அவள் நகர்ந்தாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவர் மறக்காமல் வைத்திருக்கும் பிள்ளைகளில் தான் ஒருத்தி இல்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குப் புரியத்தான் செய்தது. புரிந்தும் மனசு ஆறவில்லை. போன் அடித்தது.

"ஏட்டி, கண்டுக்கிட்டாவளா?"

"இல்லம்மா. அவியளுக்கு ஞாபகம் இல்ல."

இருளம்மாள், "போகட்டும். நமக்கு இருக்குல்ல" என்றாள்.

அது போதவில்லை என்று அம்மாவிடம் சொல்ல சிவரஞ்சனிக்கு வாய் வரவில்லை.