மார் ஆபரேஷனும் மாப்பிள்ளைக் கம்பியும்

கனம் தூக்கக் கற்றுக்கொடுப்பவனுக்கு ஊரில் கிடைக்கிற முதல் மரியாதை, பீரோ நகர்த்தக் கூப்பிடுவது. இரண்டாவது மரியாதை, நகர்த்தி முடித்ததும் "மாஸ்டருக்கு இதெல்லாம் ஒரு கனமா?" என்று சொல்லி, ஒரு வாய் காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பி வைப்பது. என்னைப் போல இரும்போடு மாரடித்தவர்களுக்கு இது தெரியும். எந்தெந்த வீட்டுப் பீரோ என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அருப்புக்கோட்டையில் நான் ஒரு தேகப்பயிற்சிக் கூடம் நடத்தினேன். பாளையம்பட்டி போகிற வழியில், ஒரு மிளகாய் வத்தல் வியாபாரியின் குடோனுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் கூடம். சிமெண்டில் வார்த்த தட்டுகள், நாலு கர்லாக்கட்டை, ஒரு பெஞ்சு. குடோனில் வத்தலைக் கிளறினால் நெடி நேராக எங்கள் மூக்குக்குத்தான் வரும். அதனால் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் சகுனம் சரியில்லை, கம்பியைக் கீழே வைத்துவிட வேண்டும். யார் மூக்கில் இருந்து வந்தாலும் இரட்டைத் தும்மல் என்றால் தோஷம் இல்லை, தூக்கலாம். இந்தச் சட்டத்தைப் போட்டவர் கொட்டகைக்குச் சொந்தக்காரரான முதலாளி. அவர் வியாபாரி, சகுனம் பார்க்காமல் சாக்கைக் கூடப் பிரிக்க மாட்டார்.

கொட்டகையில் இருந்ததிலேயே பெரிய கனத்துக்கு 'மாப்பிள்ளை' என்று பேர். மில்லில் கழித்துப் போட்ட இரண்டு இரும்புச் சக்கரங்களை ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் மாட்டியது. மாமனார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி, லேசில் எழுந்திருக்காது. தைப் பொங்கலன்று மாப்பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துகிறவன்தான் அந்த வருஷம் கூடத்துச் சாவியை வைத்திருப்பான், அவன்தான் மாஸ்டர். பல வருஷமாக அந்தச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

கைவைத்த பனியன்

பயல்களை எல்லாம் வெற்று உடம்போடு கண்ணாடி முன் நிறுத்துவேன். நான் மட்டும் கைவைத்த கெட்டிப் பனியனைக் கழற்றவே மாட்டேன். காரணம், விடலைப் பருவத்தில் இருந்தே என் மார் இரண்டும் பெண்பிள்ளைக்கு இருப்பது போல வளர்ந்திருந்தது. தண்டால் எடுத்துப் பார்த்தேன், சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் இறுகியது, அது மட்டும் அசையவில்லை.

ஒரு முறை காரியாபட்டியில் கோயில் பொங்கலுக்கு எங்களை வித்தை காட்டக் கூப்பிட்டார்கள். பனியன் போட்டுக்கொண்டுதான் தூக்கினேன். சித்திரை வெயில். வேர்வையில் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. என்னிடம் படித்த பரமசிவம், எனக்கு அடுத்த கனம் தூக்குகிறவன், மேடைக்குக் கீழே நின்றான். ஊரே கேட்கிற மாதிரி பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "ஏலே, நம்ம மாஸ்டரு தூக்குறதுலயும் கெட்டிக்காரரு, பிள்ளைக்குப் பால் குடுக்கிறதுலயும் கெட்டிக்காரரு போலயே!"

தலை சீவும் வைத்தியம்

அந்தப் பேச்சு என்னை மதுரைக்கு பஸ் ஏற்றியது. டாக்டர் சின்ன வயசுக்காரர். பனியனைக் கழற்றச் சொன்னார். நான் முதலில் கதவைச் சாத்தச் சொன்னேன். அழுத்திப் பார்த்துவிட்டு, இது கெட்ட கட்டி இல்லை, ஆண்களுக்கும் இப்படி வருவதுண்டு, வெட்டி எடுத்துவிடலாம் என்றார். இத்தனை காலமும் உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நினைத்திருந்தவனுக்கு, அவர் காலில் விழலாம் போல இருந்தது.

வைகாசியில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு பக்கமும் காம்புக்குக் கீழே பிறை மாதிரி தையல். கண் விழித்ததும் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். கட்டுத் துணியைத் தாண்டி என் தொப்புள் தெரிந்தது. அதற்கு முன்னால் அதைப் பார்க்க நான் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சந்தோஷத்தில், எப்போது கனம் தூக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டேன். வேலை பார்க்கிற இடம் வத்தல் குடோன் பக்கம் என்பதையும் சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவே இல்லை. "மொதல்ல கையத் தூக்கித் தலை சீவுங்க. அதுக்கப்புறம் தும்முங்க. கனத்தைப் பத்தி அதுக்கும் பெறகு பேசுவோம்."

சாத்துக்குடி

ஊருக்கு வந்ததும் கேட்டவர்களிடம் எல்லாம் "மாருல ஆபரேஷன்" என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை. ஊர்தான் அதை ஹார்ட்டு ஆபரேஷன் என்று எடுத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வீடு நிறைய சாத்துக்குடி. பீரோ நகர்த்தினதற்குக் காப்பி தராதவர்கள் கூட ஒரு பை கொண்டு வந்தார்கள். வாங்கிக்கொண்டேன். பீரோவுக்கும் அதற்கும் சரியாகிவிட்டது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரி என் பெண்டாட்டி பொன்னுத்தாயிடம் குரலைத் தாழ்த்தி, "நெஞ்சத் தொறந்து பாத்தாகளாம்ல, உள்ள என்னதான் இருந்துச்சாம்?" என்று கேட்டாள். பொன்னுத்தாய் சாத்துக்குடியை உரித்துக்கொண்டே சொன்னாள்: "என்ன இருக்கும்? பரமசிவம் பேரு இருந்துச்சாம். அத மட்டும் எடுக்க முடியலைன்னுட்டாக."

அரைக் குடம்

தலை சீவ வந்தது. தும்மவும் வந்தது, முதல் தும்மலில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் தையல் பிரியவில்லை. அடுத்துக் கனம். டாக்டர் தண்ணீர்க் குடத்தில் இருந்து தொடங்கச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அதற்கு ஒரு சிரமம் உண்டு. குடம் கிடைக்கும், தண்ணீர் கிடைக்க வேண்டும். அடிகுழாயில் விடிய விடியக் கூட்டம் நிற்கும். அந்தப் பெண்களுக்கு நடுவே நானும் போய் நின்றேன். முதலில் ஒரு செம்பு, கொஞ்ச நாள் கழித்துக் கால் குடம், அப்புறம் அரைக் குடம்.

குடத்தை இடுப்பில் வைத்தால் நெஞ்சுக்கு வேலை இல்லை. அதனால் இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, சாமிக்கு அபிஷேகத்துக்குக் கொண்டுபோவது போல மெதுவாக நடப்பேன். பெண்கள் சிரித்து மாய்ந்தார்கள். முழுக்குடத்தை அப்படி வீட்டுவாசல் வரை கொண்டுவந்து சேர்த்த அன்று சந்தோஷத்தில் எனக்குப் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி கூப்பாடு போட்டாள்: "யக்கா, பயில்வான் இன்னைக்கு முழுக்குடம் தூக்கிட்டாக! ஒரு குலவை போடுங்களேன்!"

போட்டார்கள். தெரு நாய் கூட எழுந்து நின்று பார்த்தது.

பஸ்ஸில் கிடைத்த இடம்

பரளச்சியில் என் மச்சினன் வீட்டில் காதுகுத்து. போகிற பஸ்ஸில் நிற்கக் கூட இடம் இல்லை. கண்டக்டர் எங்கள் தெருக்காரர். என்னைப் பார்த்ததும் "ஹார்ட்டு ஆபரேஷன் பண்ணினவுக வாராக, எடம் விடுங்க!" என்று விசிலை ஊதிவிட்டார். எனக்கு உடம்பில் ஒரு நோவும் கிடையாது. வாயைத் திறந்து ஹார்ட்டு இல்லை என்று சொன்னால், பின்னே என்ன என்று கேட்பார்கள். பஸ் நிறைய ஆட்கள்.

நார்ப்பெட்டி நிறைய வெங்காயம் வைத்திருந்த வயசான பொம்பளை ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். நான் கூச்சப்பட்டு வேண்டாம் என்றேன். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். கையில் வலு இருந்தது. கூடத்துக்கு வந்திருந்தால் நன்றாகத் தேறியிருப்பாள். "உக்காருய்யா. நான் செத்தா எறக்கி விட்டுட்டுப் போயிருவாக. நீ செத்தா பஸ்ஸ நிப்பாட்டிப்புடுவாக, எனக்குச் சந்தைக்கு நேரமாகுது."

சாவி

ஐப்பசியில் டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே உங்க இஷ்டம்" என்றார். அன்றைக்கே கூடத்துக்குப் போனேன். சாவி பரமசிவத்தின் இடுப்பில் தொங்கியது. நான் இல்லாதபோது திறந்து மூடட்டும் என்று முதலாளி கொடுத்தது. ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காந்து சொல்லிக் குடுங்க மாஸ்டர், போதும்" என்றான். கம்பியில் கை வைக்கப் போனேன், நாலு பேர் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு மாப்பிள்ளையைத் தூக்குவேன் என்றேன். முதலாளி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "வேணாம்யா. என் குடோன்ல ஒரு பொணம் விழுந்துச்சுன்னா, அந்த வத்தல எவன் வாங்குவான்?"

நியாயமாகத்தான் பேசினார். ஹார்ட்டு இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் தூக்க விடுவார்கள். சொன்னால், காரியாபட்டியில் பரமசிவம் சொன்னதுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் பொங்கலோடு சாவி அவனுக்கு, முக்காலி எனக்கு. சோறு இறங்கவில்லை. இரும்பைத் தூக்குகிறதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

பொன்னுத்தாய் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, சொன்னாத்தான் என்ன? எடுத்துப் போட்டதத்தான சொல்லப் போறீக, இருக்கிறதையா சொல்லப் போறீக?"

மாப்பிள்ளை

பொங்கலன்று கொட்டகை வாசலில் கோலம், கரும்பு, தெருவே திரண்டு வந்த கூட்டம். பொன்னுத்தாயும் அடிகுழாய்ப் பெண்களும் வேலியோரம் நின்றார்கள். பரமசிவம் மாப்பிள்ளையைத் தோள் வரைக்கும் கொண்டுவந்தான், அதற்கு மேல் போகவில்லை. போட்டுவிட்டான். அவனுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. நான் முக்காலியில் இருந்து எழுந்தேன். முதலாளி குறுக்கே வந்து நின்றார்.

நான் பனியனைக் கழற்றினேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கொட்டகையில் என் நெஞ்சில் காற்றுப் பட்டது அன்றைக்குத்தான். முதலாளி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து பார்த்தார். "நடு நெஞ்சுல ஒண்ணயும் காணோமே! ஹார்ட்ட எந்த வழியாய்யா எடுத்தாக?" என்றார்.

"ஹார்ட்டு இல்ல மொதலாளி. மாரு. பொம்பளைக்கு இருக்கிற மாதிரி இருந்துச்சு. வெட்டி எடுத்தாச்சு" என்றேன். சத்தமாகவே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடிகுழாய்ப் பெண்களில் ஒருத்தி மட்டும், "அட, நல்லாத்தான் தச்சிருக்காக" என்றாள். முதலாளி ஒதுங்கி வழி விட்டார்.

குனிந்து கம்பியைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளிக்குத் தும்மல் வந்தது. ஒற்றைத் தும்மல். கூட்டம் 'த்சொ' என்றது. "வைங்க மாஸ்டர், சகுனம் சரியில்ல, அடுத்த பொங்கலுக்குப் பாத்துக்கிடலாம்" என்று முதலாளி கையை நீட்டினார். அடுத்த பொங்கல் வரைக்கும் முக்காலி. சட்டம் சட்டம்தானே, நான் விரலைத் தளர்த்தினேன். அப்போது எனக்குப் பின்னாலிருந்து கொட்டகைத் தகரம் அதிர இன்னொரு தும்மல் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பரமசிவம் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். மூக்கு பாலைவனம் மாதிரி காய்ந்து கிடந்தது.

"ரெட்டைத் தும்மல்!" என்று பயல்கள் கத்தினார்கள். தூக்கினேன். இடுப்பு, தோள், அதற்கு மேலே போகும்போது நெஞ்சு கிழிந்துவிடுமோ என்று ஒரு நொடி. கிழியவில்லை. மாப்பிள்ளை தலைக்கு மேலே போய் நின்றார். வேலியோரம் குலவைச் சத்தம் எழுந்தது, அதில் பொன்னுத்தாய் குரல் தனியாகக் கேட்டது. இறக்கி வைத்து மூச்சு வாங்கியபோது பரமசிவம் இடுப்பில் இருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தான். மெதுவாகக் கேட்டேன், அது நெசத் தும்மலா, பொய்த் தும்மலா என்று. அவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "வத்தல் நெடி மாஸ்டர். எனக்கு மட்டும் மூக்கு இல்லையா?"

எவ்வளவோ இரும்பைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டேன், பரமசிவத்தின் மேல் இருந்த கோபத்திலும் அந்தத் தும்மலுக்காகப் பாதியை இறக்கி வைத்தாயிற்று, காரியாபட்டிப் பேச்சுக்காக மீதிக் கோபத்தை மட்டும் தினம் ஒரு தரம் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன், தூக்குகிற பழக்கம் விட்டுப் போகாமல் இருக்க வேண்டுமே.