மிச்சம் இருக்கிற பாடம்

மரகதம் டீச்சர் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மாள். "ஏனுங்க டீச்சர், நெஞ்சுவலி வந்து விடியக்காலையில தவறிட்டாங்களாமுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். எனக்குத் தெரியாது. ஆசிரியர் அறையில் இத்தனை ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அழுகை வருவதற்கு முன்னால், பூக்காரம்மாவுக்கு எப்படி முதலில் தெரிந்தது என்ற எரிச்சல்தான் வந்தது. இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கிற, அவரை அறிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர்மீது எனக்கு எப்போதும் பொறாமைதான்.

ஒன்பதாம் வகுப்புக்கு நான் ஆங்கிலம், அவர் புவியியல். இரண்டையும் சேர்த்துத் திட்டமிடலாம், ஒரே பொருளை இருவரும் ஒரே வாரத்தில் நடத்தலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். அது அவருடைய யோசனை என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் டீயோடு உட்கார்ந்து அடுத்த பாடத்தைப் பங்கு பிரிப்போம். ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது ஒன்றுதான்: "மொதல்ல நீங்க எடுத்துக்கோங்க டீச்சர். மிச்சம் இருக்கறது எனக்குப் போதுமுங்க."

நானும் கூச்சப்படாமல் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்வேன். 'நம் மலை' என்ற பாடத்தில் ஏரியை நான் எடுத்தேன். அவருக்கு மண் மிஞ்சியது. பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலிலிருந்து ஒரு கைப்பிடி மண் கொண்டுவரச் சொன்னார். அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களின் மண் தொடங்கி, எஸ்டேட் பிள்ளைகளின் காப்பித்தோல் கலந்த மண் வரை வராந்தாவில் வரிசை கட்டியது. யார் வீட்டு மண் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கிறது என்று ஒரே போட்டி. மறுநாள் ஏரியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பாதி வகுப்பு மண்ணைப் பற்றி எழுதியிருந்தது. ஒரு வரி எழுத அழுகிற பிள்ளைகள்கூடப் பக்கத்தை நிரப்பியிருந்தார்கள். தாள்களை அவர் மேஜையில் போட்டேன். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டு, "இங்கிலீஷ் நொம்ப நல்லா வந்திருக்குதுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க" என்றார். அதற்குப் பதில் அவர் என்னோடு சண்டையே போட்டிருக்கலாம்.

மூடுபனியை நான் எடுத்த வாரம் பளீரென்று வெயில் அடித்தது. அவருக்கு மிஞ்சிய பாடம் நிழல். அவருடைய வகுப்பு மைதானத்தில் குச்சி நட்டு நிழலை அளந்துகொண்டிருந்தது. நான் பனியே இல்லாத ஜன்னலைக் காட்டிப் பனியை வர்ணித்துக்கொண்டிருந்தேன். "வானமும் உங்க கட்சிதானுங்க" என்று அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு, வேறு ஆள் வரும்வரை இரண்டு பாடத்தையும் பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியை சொன்னார். ஒன்பதாம் வகுப்பு முழுதும் என் கைக்கு வந்தது. இதைத்தானே இத்தனை நாளும் ஆசைப்பட்டேன். அடுத்த பாடம் மலைப்பாதை. அவர் இருந்திருந்தால் கொண்டை ஊசி வளைவுகளை நான் எடுத்திருப்பேன், அவருக்குச் சாலையோரத்து வடிகால் மிஞ்சியிருக்கும். வெகுநேரம் யோசித்து, வடிகாலை எடுத்துக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு காலையில் பிள்ளைகளைப் பள்ளி வாசலுக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் எங்கே திரும்புகிறது, எதை இழுத்து வருகிறது, எங்கே விட்டுவிட்டுப் போகிறது என்று பார்த்து அங்கேயே நின்று ஆங்கிலத்தில் எழுதினார்கள். மணி அடித்தும் யாரும் கிளம்பவில்லை. என் வகுப்பில் அப்படி நடந்ததே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திரும்பி வரும்போது வெள்ளக்கடை கிராமத்திலிருந்து படிக்க வரும் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், இது மரகதம் டீச்சர் போட்டு வச்சிட்டுப் போன பாடம்தானுங்களே?"

சுருக்கென்றது. அது முழுக்க முழுக்க நான் போட்ட பாடம். "ஆமா கண்ணு" என்றேன்.

போன பிறகும் ஜெயித்துவிட்டார். முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இனி ஆள் இல்லை. அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்த மிச்சம்தான். புதிதாக யார் வந்தாலும் நல்லதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். மிச்சத்தை மட்டும் யாருக்கும் தரமாட்டேன்.