வக்கீல் வேஷம்

ஹட்டன் பக்கம் ஒரு மேட்டில் இருந்த எங்கள் கல்லூரி மிகச் சிறியது. ஏப்ரல் லீவு விட்டதும் அது இன்னும் சிறுத்துப்போகும். யாழ்ப்பாணத்துப் பையன்களும் கொழும்புப் பையன்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் மட்டும் விடுதியில் தங்கிக்கொள்ள அதிபர் அனுமதி தந்திருந்தார். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து ஒற்றைக் காம்பராவில் புத்தகத்தை விரிக்க இடமிருக்காது என்பது அவருக்குத் தெரியும். நாங்களும் படிக்கத்தான் தங்குகிறோம் என்று முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு சொல்லியிருந்தோம்.

படித்தோம் என்று சொன்னால் அது பெரும் பொய். காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனால் இருட்டும்வரை அங்கேதான். ஒருவன் சுவர்ப் பத்திரிகை எழுதுவான், அதற்கு ஒருவன் படம் போடுவான், இன்னொருவன் உடைந்த ஆர்மோனியத்தோடு மல்லுக்கட்டுவான். பத்திரிகையில் வந்த கவிதைகளெல்லாம் காதல் கவிதைகள். காதலிப்பதற்கு அந்த மேட்டில் சமையற்காரரின் பூனையைத் தவிர வேறு யாரும் கிடையாது. லீவு முடியுமுன் பெற்றோரை அழைத்து ஒரு நாடகம் போட வேண்டும் என்பது மட்டும் கல்லூரியில் வழக்கமாக இருந்தது.

அந்த வருஷ நாடகத்தை எங்கள் தமிழாசிரியரே எழுதினார். துரை பங்களாவில் வெள்ளித் தட்டு காணாமல் போகிறது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மேல் பழி விழுகிறது. அவள் பயந்து வாயைத் திறக்காமல் கோர்ட்டில் நிற்கிறாள். அவளுக்காக வாதாட வரும் வக்கீல் நான். அந்தப் பெண்ணாக நடித்தவன் அப்போதுதான் அரும்பிய தன் மீசையை எடுக்கமாட்டேன் என்று கடைசிவரை அடம்பிடித்தான். அதிபர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு ஒரு சொட்டுக் கண்ணீரோடு எடுத்தான்.

தமிழாசிரியர் எங்களைப் பிழிந்தெடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகு, பார்வையை எதிராளியின் முகத்தை விட்டு எடுக்காதே, கடைசிச் சொல்லை விழுங்காதே என்று நாள் பூராவும் அதே பாட்டுத்தான். எனக்கு அந்தப் பாட்டு வேறொரு காரியத்துக்கும் உதவியது. எங்கள் குடும்பத்தின் பிரஜாவுரிமை மனு எத்தனையோ வருஷம் தூங்கிவிட்டு, அந்த ஏப்ரலில்தான் விசாரணைக்கு வந்திருந்தது.

இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டு மண்ணையே மிதித்து வளர்ந்த தோட்டத் தமிழர் எங்களுக்கு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, இந்த நாட்டு உரிமை இல்லை என்று ஆக்கியிருந்தார்கள். வேண்டுமானால் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். குடும்பம் இடைவிடாமல் இங்கேயே இருந்திருக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் எல்லாம் அறுந்துவிடும். பிரஜாவுரிமை இல்லாதவன் ஆசிரியராக முடியாது. எனக்கு வேறு எந்த ஆசையும் அந்த வயதில் இருக்கவில்லை.

அதனால் சனிக்கிழமைகளில் எங்கள் தோட்டம் இருந்த வட்டகொடைக்கு ரயிலேறிப் போய் அப்பாவுக்கு ஒத்திகை வைத்தேன். அவர் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். மூச்சில் எப்போதும் தேயிலைத் தூசி இருக்கும். வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு என் முன்னால் நிற்பார். நான் விசாரணை அதிகாரியாகப் பலகையில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். பெற்ற அப்பாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறோமே என்று முதலில் கூச்சமாக இருந்தது. அவருக்குக் கூச்சமே இல்லை. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். எங்கள் நாடகத்தில் பாதிப் பேரைவிட நன்றாக நடித்தார்.

எனக்கு மொட்டை போடுவதற்காக அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இந்தியா போனதும், உலகப்போர் வந்ததால் உடனே திரும்ப முடியாமல் போனதும் எங்கள் வீட்டில் பலமுறை பேசிய கதை. அதைப் பற்றிப் பொய் சொல்லும்படி நான் அப்பாவிடம் சொல்லவில்லை. நேர்த்திக்கடனுக்குப் போய்விட்டு வந்தார்கள் என்று சொல்லுங்கள், கேட்காததைச் சொல்லாதீர்கள் என்றுதான் சொன்னேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று அவருக்கு நாங்கள் ஒத்திகை வைக்கவில்லை.

நாடகத்தன்று இருவரும் ஹட்டனுக்கு வந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. நான் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நடுங்கி நிற்கும் அந்தப் பெண்ணிடம் போய், "அம்மா, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். உண்மை சொன்னவர்களுக்கு இந்தச் சபையில் ஒரு தீங்கும் வராது" என்றேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நீதிபதி விடுதலை கொடுத்தார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. மேடையிலிருந்து பார்த்தபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பரிசு எனக்குத்தான். அதிபர் மேடையில் என் தோளில் கை வைத்து, என்னைக் கல்லூரிச் சிபாரிசோடு ஆசிரிய கலாசாலைக்கு அனுப்பப்போவதாகவும் படித்து முடித்து இதே கல்லூரிக்கு ஆசிரியராக வர வேண்டும் என்றும் அறிவித்தார். பிரஜாவுரிமை கிடைத்ததும், என்று கடைசியில் ஒரு சொல் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். கைதட்டலில் அது பலர் காதில் விழுந்திருக்காது. வெளியே வந்ததும் அம்மா என்னிடம் முதலில் கேட்டது, அந்தப் பெண்ணைத் தோட்டத்தில் மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்களா என்பதுதான். சேர்த்துக்கொண்டார்கள் என்றேன். அவருக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த வாரமே விசாரணை. நுவரெலியாவில் சீசன் களைகட்டியிருந்தது. கொழும்புக்காரர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பூக்களைப் பார்த்துத் திரிந்தார்கள். நாங்கள் மூவரும் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் பிரஜாவுரிமைக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போகும்போதே, மனுக்காரர்கள் மட்டும்தான் பேச வேண்டும் என்று என்னைக் கதவோரம் நிறுத்திவிட்டார்கள்.

அதிகாரி சிங்களவர். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அம்மா நிற்பதைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார். தமிழில் கேட்டுச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அப்பா ஒரு பிசகு இல்லாமல் பதில் சொன்னார். இந்தியா போனதுண்டா என்ற கேள்வி வந்தது. நேர்த்திக்கடனுக்குப் போய்விட்டு வந்தார்கள் என்றார். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அதிகாரி பேனாவை மூடப்போனவர், என்னைக் கண்ணால் காட்டி அம்மாவிடம் ஏதோ கேட்டார். மூத்த மகன் இங்கேதான் பிறந்தாரா என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். ஆமாம் என்றால் போதும். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து கை கூப்பினார்.

"இங்கதாங்க பொறந்தான், லயத்துல. கொலசாமிக்கு மொட்ட போடத்தான் ஊருக்குத் தூக்கிட்டுப் போனேன். போன எடத்துல சண்ட வந்துருச்சு, கப்பலு இல்லைன்னுட்டாங்க. ரெண்டு தீவாளி அங்கதாங்க கழிச்சேன். இவன் ஓடித் திரியிற வயசுலதான் திரும்பி வந்தோம். நான் ஒன்னையும் மறைக்கலைங்க."

சொல்லிக்கொண்டே அவர் பார்த்தது அதிகாரியை அல்ல, என்னை. மேடையில் அந்தப் பெண் வக்கீலைப் பார்த்த அதே நம்பிக்கையோடு பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைக்கக்கூட என்னால் முடியவில்லை. அசைத்திருந்தால் அவர் பயந்திருப்பார், அதிகாரியும் பார்த்திருப்பார். நின்ற இடத்திலேயே நின்றேன்.

மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கத்து ஆள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஆமாம், இங்கே பிறந்தாராம் என்று மட்டும் சிங்களத்தில் சொன்னார். அந்த உதவிக்கு அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் தீபாவளி என்ற சொல்லுக்கு யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அதிகாரி இரண்டு விரலைக் காட்டி, தீபாவளி இரண்டா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார், தானும் இரண்டு விரலைக் காட்டினார்.

அதிகாரி மூடப்போன பேனாவால் அதையும் எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடி என்ற முடிவு வந்து சேர மழைக்காலம் ஆயிற்று. எனக்கும் அப்பாவுக்கும் அது அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. பிள்ளைக்கு மொட்டை போடுவது குற்றமா? கப்பல் ஓடாதது அம்மாவின் குற்றமா? சட்டத்தின்மேல்தான் கோபப்பட வேண்டும். அது எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது, போய்ச் சட்டையைப் பிடிக்க?

பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கை என் முழங்கையை விடவேயில்லை.

"அம்மாகிட்ட ஒன்னும் சொல்லிக்கிடாத, தம்பி. தாங்கமாட்டா."

பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெகுநாளாக நான் அவரை அவ்வளவு தெளிச்சியான முகத்தோடு பார்த்ததில்லை. பெரிய மனிதர்கள் முன்னால் வாயைத் திறந்து பேசியது வாழ்க்கையில் அவருக்கு அதுதான் முதல் தடவை. நாற்காலி போட்ட அந்த அதிகாரியின் குணத்தைப் புகழ்ந்தார், நான் வாத்தியாராகி வரும்போது தோட்டத்தில் யார் யார் வயிறெரிவார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். தலவாக்கலை நெருங்கும்போது அம்மா என் பக்கம் சாய்ந்து, அக்கம்பக்கத்தார் காதில் விழாதபடி கேட்டார்.

"நல்லாச் சொன்னேனா தம்பி? ஒன்னையும் விட்டுறலையே?"

"ஒன்னையும் விடலம்மா," என்றேன்.